அந்நியன் குரலும் ஆயன் குரலும்



பாஸ்கு காலத்தின் 4-ம் ஞாயிறாகிய இன்று நல்ல ஆயன் ஞாயிறு. அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தின் 10-ம் அதிகாரத்தைப் பூசையில் கேட்டீர்கள். ஆடுகள் தங்கள் ஆயனுடைய குரலை அறிந்து அவன் பின்னே போகும் என்றும், அந்நியன் கூப்பிட்டால் அவன் குரல் தங்களுக்குப் பழக்கமில்லாததால் அவனை விட்டு ஓடிப்போகும் என்றும் நம் ஆண்டவர் திருவாய் மலர்ந்தருளினார்.

அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் கீதாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேருடைய ஆடுகள் கலந்து மேய்ந்தாலும், பொழுது சாயும்போது ஒவ்வொருவரும் தம் தம் பாணியில் குரல் கொடுத்தால் ஆடுகள் தாமே பிரிந்து வந்து சேரும். அந்த ஆடுகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் அந்த அறிவு அவற்றுக்கு எப்படி வந்தது? குட்டி பிறந்த நாள் முதல் ஆயன் அதனோடு பேசிப் பழகியதனால் வந்தது. தூக்கித் தோளில் சுமந்தான், தழை ஒடித்துப் போட்டான், முள் குத்தினால் எடுத்துவிட்டான். அதனால் அவன் குரல் அதன் காதிலே ஊறிப்போயிற்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குட்டிக்குள்ள அறிவாவது உண்டா? எந்தக் குரலுக்குப் பின்னே போகலாம், எதைக் கேட்டால் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? கோடை விடுமுறை தொடங்கும் காலம் இது. பள்ளிக்கூடக் கதவு மூடிவிட்டால் பிள்ளைகள் தெருவிலும் தோப்பிலும் குளத்தங்கரையிலும் திரிவார்கள். பாட்டி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் போவார்கள். திருவிழாக் கூட்டங்களில் நுழைவார்கள். வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருப்பவர்களோ செல்போனைக் கையில் எடுப்பார்கள். ஆகையால் இந்த ஞாயிற்றை விட்டால் இதைப் பேச வேறு நல்ல தருணம் இல்லை என்று எண்ணி எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஞானோபதேச வகுப்பில் சிறு பிள்ளைகளைப் பார்த்து, "பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவன் எப்படி இருப்பான்?" என்று கேட்டேன். "பெரிய மீசை வைத்திருப்பான்" என்றான் ஒருவன். "அழுக்குச் சட்டை, தோளிலே சாக்கு" என்றாள் ஒருத்தி. "கண் சிவப்பாயிருக்கும்" என்றது இன்னொரு குரல். யார் சொன்னது என்று விசாரித்தேன். சோறு தின்னாவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன் வந்து சாக்கிலே போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று அம்மா சொன்னதாகப் பலரும் சொன்னார்கள். "சரி, அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்?" என்று கேட்டேன். வகுப்பு சற்று நேரம் பேசாமலிருந்தது. பிறகு முன் வரிசையிலிருந்த ஒரு சிறுமி, "அப்படின்னா அவங்க நல்லவங்க, சுவாமி" என்றாள்.

அந்தப் பதில் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அவள்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. பூச்சாண்டியையும் சாக்குக்காரனையும் காட்டி நாமே அவளுக்கு அப்படிக் கற்றுக் கொடுத்தோம். ஆட்டுத் தோலைப் போர்த்துக்கொண்டு வரும் ஓநாய்களைப் பற்றி நம் ஆண்டவர் எச்சரித்திருக்க, நாமோ ஓநாய் எப்போதும் ஓநாய்த் தோலோடுதான் வரும் என்று பிள்ளைகளுக்குப் போதித்துவிட்டோம்.

முகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற இந்தப் போதனையால் மூன்று தீமைகள் விளைகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய் யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, குற்றமற்ற அந்நியர்மேல் பகை உண்டாகிறது. 2018-ம் ஆண்டு மே மாதத்தில் நம் தமிழ்நாட்டிலேயே நடந்ததை மறந்துவிட்டீர்களா? வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஊர் ஊராய்ப் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, சாமி கும்பிடச் சென்னையிலிருந்து உறவினரோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியிலே கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவள் என்ற கூச்சல் கிளம்பியது, கூட்டம் கூடியது, அந்தப் பாட்டியை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். நடுத்தீர்வை நாளிலே, தாம் அந்நியனாய் வந்தபோது தம்மைச் சேர்த்துக்கொண்டவர்களைப் பார்த்து ஆண்டவர் பேசுவார் என்று அர்ச். மத்தேயு 25-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறாரே, அதற்கு நாம் என்ன பதில் சொல்வோம்? கட்டட வேலைக்கு வந்த வெளி மாநிலத்தான், குப்பை பொறுக்கும் ஏழை, புத்தி சுவாதீனமில்லாமல் தெருவில் அலைகிறவன், இவர்களைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது பிறர்சிநேகத்துக்கு விரோதமான பாவம் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, உதவி செய்யக்கூடியவர்களைக் கண்டும் பிள்ளை ஓடுகிறது. "அழுதால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்," "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்," "சாமியாரிடம் சொல்லுகிறேன் பார்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த குழந்தை, வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப் போனால் என்ன செய்யும்? காக்கிச் சட்டையைக் கண்டவுடன் கடைச் சந்துக்குள் ஒளிந்துகொள்ளும். தேடுகிறவர் கண்ணுக்கு மறைந்து, தேடாதவன் கையில் அகப்படும்.

மூன்றாவது தீமைதான் எல்லாவற்றிலும் பெரிது. வாசலிலே அந்நியனுக்குக் காவல் வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளே இருக்கிற ஆபத்தை நாம் காணத் தவறுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. பிள்ளைகளைக் கெடுத்த கொடிய வழக்குகளில் 100-க்கு 90-க்கு மேற்பட்டவற்றில் குற்றவாளி அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவன் என்று அது சொல்லுகிறது. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப சிநேகிதர், வேலை கொடுத்தவர், பாடம் சொல்லிக் கொடுத்தவர், இப்படிப் போகிறது அந்த வரிசை. அந்நியன் என்று நாம் பயப்படுகிறவன் மீதியுள்ள சிலரில்தான் இருக்கிறான்.

இது புதிய காலத்தின் சீர்கேடு என்று எண்ண வேண்டாம். அர்ச். மரிய கொரற்றியின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். இத்தாலி தேசத்திலே 1890-ல் பிறந்து, தகப்பனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, தாய் வயல் வேலைக்குப் போக, தம்பி தங்கைகளைப் பராமரித்து வந்த ஏழைச் சிறுமி அவள். 1902-ம் ஆண்டு ஜூலையில், 11 வயதிலே, கத்திக் குத்துப்பட்டு மரித்தாள். குத்தியவன் யார்? சாக்குப் பை சுமந்து வந்த வழிப்போக்கனா? இல்லை. ஒரே வீட்டில் அடுத்த பாகத்தில் குடியிருந்து, அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவள் தைத்த துணியை உடுத்திய 20 வயது வாலிபன். அதற்கு முன்பே அவன் தகாத பேச்சுப் பேசியிருந்தான். தாயிடம் சொன்னால் கொன்றுவிடுவேன் என்றும் மிரட்டியிருந்தான். பாரம் சுமந்து களைத்திருந்த தாய்க்கு இன்னும் பாரம் ஏற்ற வேண்டாமென்று அந்தப் பிள்ளை வாய் திறவாமலிருந்தாள். 1950-ம் ஆண்டு ஜூன் 24-ம் நாள் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தபோது, அவளுடைய வயோதிகத் தாய் ரோமாபுரியில் அதைக் கண்ணாரக் கண்டாள். அந்தத் தாயின் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு நினைவும் வருகிறது. அந்தச் சிறுமி ஒரு வார்த்தை சொல்லத் துணிந்திருந்தால்! நம் வீட்டிலும் அப்படி ஒரு வார்த்தை சொல்லப்படாமல் கிடக்கிறதோ?

ஆகையால், பிரியமானவர்களே, முகத்தைப் பார்த்துப் பயப்படப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டாம். மரம் அதன் கனியால் அறியப்படும் என்பது ஆண்டவருடைய போதனை. செய்கையைப் பார்த்து அறியக் கற்பியுங்கள். தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும், ஏழையானாலும் பணக்காரரானாலும், மூன்று செய்கைகளில் ஒன்றைக் கண்டால் அது அந்நியன் குரல் என்று பிள்ளை அறிய வேண்டும். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் தன்னைத் தனியே அழைத்துப் போகப் பார்ப்பது ஒன்று. மறைத்து வைக்க வேண்டிய உடலுறுப்புகளைத் தொடுவது, பார்ப்பது, அல்லது தம்முடையதைத் தொடச் சொல்வதும் காட்டுவதும் இரண்டாவது. "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதே பெரிய அபாய மணி. அம்மாவின் பிறந்த நாளுக்கு வாங்கிய புடவையை இரண்டு நாள் மறைத்து வைப்பது விளையாட்டு. அது வெளிப்படும்போது எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். என்றைக்கும் சொல்லக்கூடாத இரகசியம், மனதைக் கனக்கச் செய்யும் இரகசியம் பிசாசின் சரக்கு. அதை யார் கொடுத்தாலும் அன்றைக்கே அம்மா மடியில் கொட்டிவிட வேண்டும்.

இனி வீட்டிலே என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கடினமான காரியம் ஒன்றுமில்லை.

பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் நாலு வயதில் மனப்பாடம் செய்கிற குழந்தை, தன் முழுப் பெயரையும், தாய் தகப்பன் பெயரையும், ஊரையும், 10 இலக்க செல்போன் நம்பரையும் மனப்பாடம் செய்யாதா? அம்மா, அப்பா என்றால் பெயராகாது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர், "உங்கப்பா பேர் என்ன?" என்று கேட்டால் "அப்பா" என்றே சொல்லுகிறார்கள்.

திருவிழாவுக்கோ சந்தைக்கோ போனால், போய் இறங்கியவுடனே சந்திக்கும் இடத்தைக் குறித்துக் காட்டுங்கள். கொடிமரமானால் கொடிமரம். காணாமற் போனதை உணர்ந்த பிள்ளை தேடி அலையக்கூடாது. நின்ற இடத்தில் நின்று சத்தமாய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். யாரும் வராவிட்டால் பிள்ளைகளோடு வந்திருக்கும் ஒரு தாயிடமோ, காவலரிடமோ, கடைக் கல்லாவில் இருப்பவரிடமோ போய்ச் சொல்ல வேண்டும். கூட்டத்தை விட்டு யாரோடும் வெளியே போகக்கூடாது. அதை ஒரு தரம் சொன்னால் போதாது, நடித்துக் காட்டுங்கள்.

வீட்டுக்கென்று ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்டுப் பெயரோ, பாட்டி செய்யும் பலகாரத்தின் பெயரோ, குடும்பத்தாருக்கு மாத்திரம் தெரிந்த ஏதாவது ஒன்று. "உங்கப்பாவுக்கு விபத்து, உடனே என்னோடு வா, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால், பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்கட்டும். சொல் தெரியாதவரோடு போக வேண்டியதில்லை, ஆசிரியரிடம் ஓடட்டும். இன்றைய சுவிசேஷத்தை இதைவிட எளிதாய்ப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. ஆயன் அனுப்பியவனானால் ஆயனின் சொல் அவனிடம் இருக்கும்.

பெரியவர்களுக்கு உதவி தேவையானால் பெரியவர்களிடம்தான் கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். வழி காட்டுவதற்காகச் சிறுவனை வண்டியில் ஏறச் சொல்லுகிறவரும், காணாமற்போன நாய்க்குட்டியைத் தேடச் சிறுமியைத் தோப்புக்கு அழைக்கிறவரும் சரியான காரியம் செய்கிறவர்கள் அல்ல. மரியாதையாய், "அம்மாவைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் ஓடி வரட்டும்.

உடலைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சமே தீயவனுக்குத் துணை. ஞானஸ்நானம் பெற்ற நம் சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். கோயிலிலே யார் வேண்டுமானாலும் நற்கருணைப் பேழையைத் திறக்கலாமா? அதுபோல, உள்ளாடை மூடும் இடங்களை யாரும் தொடக்கூடாது. குளிப்பாட்டும்போது தாயும், நோய்க்குப் பார்க்கும்போது தாய் அருகில் நிற்க வைத்தியரும் தவிர. அந்தத் தொடுதலும் சுத்தத்துக்காகவும் சுகத்துக்காகவும் மாத்திரமே. இதைச் சிறுமிகளுக்கு மட்டுமல்ல, சிறுவர்களுக்கும் சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்பது பெரிய தவறு. பிள்ளை விரும்பாதபோது, "மாமாவுக்கு முத்தம் கொடு," "தாத்தா மடியில் உட்கார்" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னால் மரியாதை குறைந்துபோகாது. வீட்டிலே "வேண்டாம்" என்று சொல்லப் பழகாத பிள்ளை வெளியிலே எப்படிச் சொல்லும்?

செல்போன் வழியாய் வருகிற அந்நியனையும் மறவாதீர்கள். அவன் வாசற்படி மிதிப்பதில்லை. விளையாட்டிலே கூட்டாளியாய், பத்து வயதுப் பிள்ளைபோலப் பேசிக்கொண்டு படுக்கையறைக்கே வந்துவிடுகிறான். முதலில் புகழுவான், பிறகு படம் அனுப்பச் சொல்வான், அதன் பின் அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டுவான். நேரில் அறியாதவருக்குப் படமோ முகவரியோ பள்ளிக்கூடப் பெயரோ கொடுக்கக்கூடாது என்று பிள்ளைக்குத் தெரியட்டும். இரவிலே போன் கூடத்தில் இருக்கட்டும். ஆனால், "ஏதாவது தப்பு நடந்தால் போனைப் பிடுங்கி உடைத்துவிடுவேன்" என்று மிரட்டாதீர்கள். அப்படிச் சொன்ன வீட்டில் பிள்ளை வலையில் விழுந்த பிறகும் வாய் திறக்காது.

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு எழலாம். பெரியவர்களுக்குக் கீழ்ப்படி என்று 4-ம் கற்பனை சொல்லுகிறதே, நீர் எதிர்த்துப் பேசச் சொல்லிக் கொடுக்கிறீரே என்பீர்கள். அந்தக் கற்பனையைக் கொடுத்த சர்வேசுரனே, தமக்கு விரோதமானதில் மனிதருக்குக் கீழ்ப்படியச் சொல்லவில்லை. மனிதருக்கு முன்னே கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டுமென்று அர்ச். இராயப்பர் ஆலோசனைச் சங்கத்தாருக்கு முன் துணிந்து சொன்னார். பாவமான காரியத்துக்குக் கூப்பிடுகிறவர் எவரானாலும் அவருக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதே கீழ்ப்படிதல். ஆகையால், "கத்து, ஓடு, சொல்" என்ற மூன்று வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். ஒருவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல். அவரும் நம்பாவிட்டால் மூன்றாமவரிடம் சொல். நம்புகிறவர் கிடைக்கும் வரை சொல்.

பிள்ளை வந்து சொல்லும்போது நாம் எப்படிக் கேட்கிறோம்? தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் 12 வயதுத் திருக்குமாரனை மூன்று நாள் காணாமல் தவித்தார்கள். உறவினரோடும் ஊராரோடும் வருகிறார் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். அத்தனை பரிசுத்த பெற்றோருக்கும் அது நேரிட்டதென்றால் நமக்கு நேரிடாதா? தேவாலயத்தில் கண்டபோது தாயானவள் தன் துயரத்தைச் சொன்னாள், பதிலையும் கேட்டாள். அந்தப் பதில் விளங்காவிட்டாலும் அதை அலட்சியம் செய்யாமல் இருதயத்தில் வைத்துக் காத்தாள் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். நாமோ பிள்ளை பாதி சொல்வதற்குள், "நீ ஏன் அங்கே போனாய்? சித்தப்பாவைப் போய் அப்படிச் சொல்லலாமா? வாயை மூடு" என்கிறோம். ஒரு தரம் மூடிய வாய் பிறகு திறக்காது. பிள்ளை சொல்லாமலும் காட்டும். திடீரென்று ஒரு வீட்டுக்குப் போக மறுப்பது, படுக்கையை நனைப்பது, படிப்பில் மனம் செல்லாமை, ஒருவரைக் கண்டு ஒடுங்குவது, இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அடிக்காமல் விசாரியுங்கள். "நீ சொன்னது நல்லது. நான் நம்புகிறேன். தப்பு உன்மேல் இல்லை. இனி நான் பார்த்துக்கொள்ளுகிறேன்." இந்த நாலு வாக்கியங்களைச் சொல்லத் தெரிந்த தாய் தகப்பன் பாக்கியவான்கள்.

தீங்கு அனுபவித்த பிள்ளை பாவம் செய்ததாகாது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. எதிர்த்துப் போராட முடியாமல் பயத்தால் மரத்துப்போன பிள்ளையின் கற்பு ஒரு தூசியும் குறைந்துபோகவில்லை. பிறன் பலவந்தத்தால் ஆத்துமத்தின் கற்பு அழிவதில்லை என்று அர்ச். அகுஸ்தீன் "கடவுளின் நகரம்" என்ற தமது நூலின் முதற் புத்தகத்திலேயே ஸ்தாபித்திருக்கிறார். அர்ச். மரிய கொரற்றியைச் சுட்டிக்காட்டி, "நீ ஏன் அவளைப்போல எதிர்க்கவில்லை?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். அந்த அர்ச்சியசிஷ்டவளே அதைச் சகிக்கமாட்டாள்.

அடுத்து மானம் என்ற பேச்சு வரும். "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும், நாளைக்குக் கலியாணம் ஆகாது" என்று மூடி வைப்பார்கள். மானம் போக வேண்டியது தீங்கு செய்தவனுக்கு. மூடி வைத்த வீட்டில் அவன் அடுத்த பண்டிகைக்கும் வந்து இலை போட்டுச் சாப்பிடுவான். அடுத்த குழந்தை வளர்ந்துகொண்டிருக்கும். இந்திய அரசாங்கம் 2012-ல் போக்சோ என்னும் சட்டத்தை இயற்றி, அவ்வாண்டு நவம்பர் 14-ம் நாள் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் அது பாதுகாப்பு. இப்படிப்பட்ட குற்றம் நடந்ததென்று அறிந்தும் தெரிவிக்காத பெரியவர் அந்தச் சட்டப்படி தாமே குற்றவாளி ஆகிறார். பயப்படுகிறவர்களுக்காகச் சொல்லுகிறேன்: பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, அல்லது பிள்ளை விரும்பும் இடத்திலே, கூடுமான வரை ஒரு பெண் அதிகாரி, போலீஸ் உடுப்பு அணியாமல் எழுத வேண்டும், நம்பிக்கையான பெரியவர் கூட இருக்கலாம், பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக்கூடாது, பெயரையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடக்கூடாது. 1098 என்ற நம்பருக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம், பிள்ளைகளே பேசலாம். 1996-ல் பம்பாயில் தொடங்கி இன்று நாடெங்கும் பரவியிருக்கும் உதவி அது. அந்த நாலு எண்களைச் சமையலறைச் சுவரிலே எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்றை எழுத வேண்டும். அதை எழுத என் கை கூசுகிறது. எழுதாவிட்டாலோ மேலே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். ஆயனுடைய அங்கியைத் தரித்துக்கொண்டே ஓநாயானவர்கள் உண்டு. உலகத்தின் பல தேசங்களிலே குருக்களும் துறவிகளும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தார்கள். அதைவிட வெட்கமாய், திருச்சபையின் மானம் என்று சொல்லி மேலானவர்கள் மூடி வைத்தார்கள். வீட்டிலே மூடுவது தவறானால் கோயிலில் மூடுவது மகா தவறு. சின்னஞ்சிறியவருக்கு இடறலாயிருப்பவன் கழுத்தில் எந்திரக்கல் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்தப்படுவது அவனுக்கு நலம் என்று ஆண்டவர் சொன்னபோது குருக்களுக்கு விலக்கு அளிக்கவில்லை. பாப்பரசர் பிரான்சீஸ் 2019-ம் ஆண்டு மே மாதத்தில் "வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் மூந்தி" என்ற கட்டளையைப் பிறப்பித்து, இத்தகைய குற்றத்தை அறியும் குருக்களும் துறவிகளும் தாமதமின்றித் திருச்சபை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டுமென்றும், மேற்றிராணியார்களே தவறினாலும் விசாரிக்கப்பட வேண்டுமென்றும் விதித்தார். நாட்டுச் சட்டம் கேட்கும் கடமைகளுக்கு அது தடையாகாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

ஆகவே, பெற்றோரே, என்னையும் இந்த உபதேசத்துக்கு விலக்காக்காதீர்கள். கோடைகால ஞானோபதேச வகுப்புகளில் கதவுகள் திறந்திருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் பெரியவர் இருவர் இருப்பார்கள். பீடச் சிறுவர்கள் சக்கிறீஸ்தில் தனியே ஒருவரோடும் இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனம் கோயிலில் எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்திலேயே நடக்கும். சாமியாரானாலும், உபதேசியாரானாலும், கன்னியாஸ்திரீயானாலும், முன் சொன்ன மூன்று செய்கைகளில் ஒன்றைக் கண்டால் பிள்ளை உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். "சாமியாரைப் போய்ச் சந்தேகப்படலாமா?" என்று யாராவது கேட்டால், சாமியாரே சொன்னார் என்று சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கெல்லாம் காவல் சம்மனசு உண்டு. அவர்களுடைய சம்மனசுகள் பரம பிதாவின் சமூகத்தை எப்போதும் தரிசித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனாலும், ஏரோது திருக்குழந்தையைத் தேடினபோது சம்மனசு என்ன செய்தார்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஜிப்துக்குப் பறக்கவில்லை. உறங்கிக்கொண்டிருந்த சூசையப்பரை எழுப்பினார். எழுந்து, இருட்டிலே தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்தவர் சூசையப்பர். இன்றைக்கும் சம்மனசு செய்கிற வேலை அதுவே: பெற்றோரை எழுப்புவது. எழுந்திருப்பது நம் கடமை.

இவ்வாரத் தீர்மானமாக ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் விளக்கை அணைக்காமல், செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகளை அருகே உட்கார வைத்து, "இன்றைக்கு உனக்குச் சந்தோஷமாயிருந்தது என்ன? பயமாயிருந்தது என்ன?" என்று கேளுங்கள். இடைமறிக்காமல் கேளுங்கள். நாளையும், மறுநாளும் கேளுங்கள். முதலில் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பென்சில் தொலைந்ததையும் நாய் துரத்தியதையும் சொல்வார்கள். அதையும் பொறுமையாய்க் கேட்டால்தான், ஒரு நாள் சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள். உங்கள் குரல் அவர்கள் காதில் ஊறுவது அப்படித்தான். அந்தக் குரலை அறிந்த பிள்ளை அந்நியன் குரலுக்குப் பின்னே போகாது; போக நேர்ந்தாலும் திரும்பி ஓடி வர வழி தெரிந்திருக்கும்.

தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைத்து, அவைகளுக்காகத் தம் உயிரையும் கொடுத்த நல்ல ஆயனாகிய சேசுநாதர் உங்கள் குடும்பங்களையும், உங்கள் பிள்ளைகளையும், தெருவிலே நிற்கும் ஏழை அந்நியனையும் ஒருங்கே காத்து இரட்சிப்பாராக. ஆமென்.